சிவப்பு ரீலும் தேங்காய் எண்ணெயும்

போன தடவை கதிர் அறுப்பு பத்தி எழுதினேன். இந்தத் தடவை மீன் பிடிக்கிற ஒரு சாமானைப் பத்தி.

பொங்கலுக்கு சென்னையில இருந்து எங்க அண்ணன் மகன் வந்திருந்தான். இந்த வருசம் மழை பரவாயில்ல, கண்மாய் முக்கால்வாசி நிறைஞ்சு கிடந்துச்சு. விரால் பிடிக்கணும்னு புதுசா ராடு, ரீல், ஒரு ரப்பர் தவளை எல்லாம் வாங்கிட்டு வந்திருந்தான். தவளையை அல்லிக் கொடிக்கு மேல வீசி இழுத்தா விரால் பாஞ்சு கவ்வும். நாங்க சின்ன வயசுல நிஜத் தவளையைக் கோர்த்துப் போட்ட அதே வேலைதான். ஆனா அவன் ரீல் மட்டுமே மூணு மூட்டை நெல்லு விலை.

கரையில நின்னு ஓங்கி வீசினான். தவளை பத்தடி தள்ளிப் பொத்துன்னு விழுந்துச்சு. ரீலுக்குள்ள நூல் பொங்கி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆயிருச்சு. அரை மணி நேரம் உக்காந்து பிரிச்சான். அடுத்த வீச்சுலயும் அதே கதை. மூணாவது தடவை நூலைக் கத்தரிச்சுப் போட்டுட்டு, "ரீல் சரியில்ல சித்தப்பா. வித்துட்டு வேற வாங்கணும்"னான்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இதே பேச்சை இதே கரையில நானும் பேசியிருக்கேன். பேசினது அவன் அப்பாகிட்ட.

அண்ணன் சிங்கப்பூர்ல வேலை பார்த்தாரு. 1988-ல லீவுல வந்தப்போ ஒரு சிவப்பு ரீல் கொண்டுவந்தாரு. அங்க கூட வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினது. "உனக்குத்தான்டா, பத்திரமா வச்சுக்க"ன்னு கொடுத்தாரு. நான் வீசினேன், சிக்கு விழுந்துச்சு. ரீல் சரியா ஓடலை போலன்னு நினைச்சு, மூடியைக் கழட்டி உள்ள தேங்காய் எண்ணெயை ஊத்தினேன். அப்புறம் முன்னைவிட மோசமாச்சு. "வீணாப்போன ரீலை என் தலையில கட்டிவிட்டுட்டீங்களேண்ணே"ன்னு சொல்லிட்டு ட்ரங்குப் பெட்டியில தூக்கிப் போட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. இப்ப அண்ணன் போய் ஆறு வருசம் ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி பெட்டியைத் திறந்து அந்த ரீலை எடுத்தோம். அதோட பேரை வச்சுப் பையன் போன்ல தேடினான். அப்புறம் நானும் நாலைஞ்சு நாள் தேடிப் படிச்சேன், வீடியோ பார்த்தேன். அந்த ரீல் வந்த வழி தெரிஞ்சப்போதான் நான் செஞ்ச கூத்தும் புரிஞ்சது. ரீல் வாங்கப் போற யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

முதல்ல, சிக்கு ஏன் விழுதுன்னு சொல்லிடறேன். கடையில பொதுவா ரெண்டு வகை ரீல் இருக்கும். ஸ்பின்னிங் ரீல்ல வீசுறப்ப உருளை சுத்தாது, நூல் ஓரமா சுருள் சுருளா கழண்டு போகும். பேய்ட்காஸ்டிங் ரீல்ல உருளையே சுத்தி நூலை விடும். வீசினதும் தவளை நூலை இழுக்க, உருளை வேகம் எடுக்கும். தவளை காத்துல போகப் போக வேகம் குறையும், தண்ணியில விழுந்தா நின்னுரும். உருளைக்கு அது தெரியாது, அது பாட்டுக்குச் சுத்தும். நம்ம கிணத்துல வாளியைச் சடார்னு விட்டா, வாளி தண்ணியைத் தொட்ட பிறகும் கப்பி சுத்தி கயிறு தளர்ந்து நழுவும் பாருங்க, அதேதான்.

அப்ப ஸ்பின்னிங் ரீலே போதுமேன்னு கேப்பீங்க. சின்ன தூண்டிலுக்குப் போதும். ஆனா தாமரை, அல்லிக்கு நடுவுல சொன்ன இடத்துல தவளையைப் போடணும், தடிச்ச நூல்ல விராலைக் கொடியோட சேர்த்து இழுக்கணும்னா பேய்ட்காஸ்டிங்தான் தோது. பெருவிரலை உருளை மேல வச்சு, வேணுங்கிற இடத்துல நிப்பாட்டலாம்.

ரீல் ரொம்பப் பழைய சாமான். சீனாவுல மா யுவான்ங்கிற ஓவியர் 1195 வாக்குல வரைஞ்ச படத்துல, படகுல ஒருத்தர் ரீல் வச்சு மீன் பிடிக்கிறாரு. இங்கிலாந்துல 1651-ல தாமஸ் பார்க்கர் எழுதின தூண்டில் புத்தகத்துல ரீல் பத்திப் பேச்சு வருது. ஆனா அதெல்லாம் நூலைச் சுத்தி வைக்கிற ராட்டு மாதிரிதான். ரீலை வச்சே வீசுறதுங்கிற வேலை சூடுபிடிச்சது அமெரிக்காவுல, கென்டக்கி மாகாணத்துல.

அங்க பாரிஸ்னு ஒரு ஊர். பிரான்ஸ் பாரிஸ் இல்ல, சின்ன ஊரு. அங்க ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு கடிகாரக்காரர். வெள்ளி வேலையும் செய்வாரு. 1800-களோட தொடக்கத்துல அவர் பல்சக்கரம் வச்சு ஒரு ரீல் செஞ்சாரு. பல்சக்கர ரீல் இங்கிலாந்துல முன்னாடியே உண்டு. ஆனா கடிகாரம் செய்யிற கை செஞ்சதால இது வழுவழுன்னு ஓடுச்சு. அவருக்குப் பின்னாடி பிராங்க்ஃபோர்ட்ல மீக் சகோதரர்கள், மைலம்னு வந்தவங்களும் கடிகார வேலைக்காரங்கதான். ஒவ்வொரு திருகாணிக்கும் நம்பர் வெட்டி, அது அது அந்தந்த ஓட்டையில மட்டும் பொருந்துற மாதிரி செஞ்சாங்க. கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை வழக்கமா நாலு சுத்து.

அவங்க வீசினது உயிரோட இருக்கிற சின்ன மீன், பாஸ் மீனுக்கு இரையா. இரையை வீசுறதாலதான் பேய்ட்காஸ்டிங்னு பேரு. ரீல் இவ்வளவு நல்லா ஓடுனதுதான் தொல்லையே. நிறுத்துறதுக்கு உள்ள ஒண்ணும் கிடையாது, பெருவிரல்தான் பிரேக். வீசுறப்ப கைப்பிடியும் சேர்ந்து பின்னாடி சுத்தி முட்டியைப் பேத்துடும். நூல் ஒரே இடத்துல குவியாம, சுத்துறப்ப விரலாலேயே பரப்பி விடணும்.

நூல் பரப்புற வேலைக்கு வழி பண்ணினவர்ல முக்கியமானவர் ஷேக்ஸ்பியர். நாடகம் எழுதினவர் இல்லைங்க. மிச்சிகன்ல கலமசூங்கிற ஊர்க்காரர், வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர். 1897-ல கம்பெனி ஆரம்பிச்சாரு. குறுக்கும் நெடுக்கும் மரை வெட்டின ஒரு தண்டு, அதுல ஓடுற ஒரு சின்ன வழிகாட்டி. கைப்பிடியைச் சுத்தினா அது இடமும் வலமும் போய் நூலைச் சீரா பரப்பும். இன்னைக்கு பெரும்பாலான பேய்ட்காஸ்டிங் ரீல்லயும் முன்னாடி போயிட்டு வருதே, அதுதான்.

அதே மிச்சிகன்ல, அதே காலத்துல, ஜேம்ஸ் ஹெட்டன்னு ஒரு தேனீ வளர்ப்புக்காரர். மரத்துல தவளை செதுக்கி, அதைத் தூண்டிலாக்கினாரு. பின்னாடி அது பெரிய கம்பெனி ஆச்சு. அண்ணன் மகன் வாங்கிட்டு வந்த ரப்பர் தவளைக்குத் தாத்தா அந்த மரத்தவளைன்னு சொல்லலாம்.

அடுத்து ஸ்வீடன். ஸ்வாங்ஸ்டாங்கிற ஊர்ல 1921-ல ஆபுன்னு ஒரு கம்பெனி. அதுவும் கடிகாரக் கம்பெனிதான். டாக்சி மீட்டர், டெலிபோன்ல பேசுற நேரத்தைக் கணக்கு பண்ற கருவி எல்லாம் செஞ்சாங்க. இரண்டாம் உலகப் போர் வந்ததும் டாக்சி மீட்டருக்கு ஆள் இல்ல. பக்கத்துலயே மோரும்னு சால்மன் மீன் ஓடுற ஆறு. முதலாளி மகன் கோட்டே போர்க்ஸ்ட்ரோம் ரீல் பக்கம் திருப்பிவிட்டாரு. 1952-ல வந்தது அம்பாசடர் 5000, சிவப்புக் கலர். எங்க ட்ரங்குப் பெட்டியில கிடந்தது அதே வம்சம்.

அதுல பொத்தானை அமுக்கினா பல்சக்கரம் விலகி உருளை தனியா சுத்தும், கைப்பிடி அசையாது. உருளையோட ஓரத்துல ரெண்டு சின்னக் கட்டை இருக்கும். உருளை வேகமா சுத்துறப்ப அந்தக் கட்டை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்துல உரசும். ராட்டினத்துல சுத்துறப்ப நம்மளை வெளியே தள்ளுமே, அந்தக் கணக்கு. வேகம் கூடினா உரசல் கூடும், குறைஞ்சா குறையும். தானா போடுற பிரேக்.

இப்ப நான் செஞ்சது புரியுதா? அந்த உரசுற இடத்துலதான் தேங்காய் எண்ணெயை ஊத்தினேன். நிறுத்தத் தெரியாம தவிச்ச உருளையை இன்னும் வேகமா ஓட விட்டேன். ரீல் ஒரு தப்பும் பண்ணல.

மீதிக் கதையைச் சுருக்கமா சொல்றேன். ஜப்பான்ல சகாய் நகரத்துல ஷிமானோ, அதுவும் 1921-ல ஆரம்பிச்சதுதான். முதல்ல செஞ்சது சைக்கிள் ஃப்ரீவீல். 1970-கள்ல அமெரிக்காவோட அலபாமாக்காரர் லூ சில்ட்ரேகூட சேர்ந்து, உருண்டை ரீலைத் தட்டையாக்கினாங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற இன்னைக்கு ரீல் எல்லாம் அந்த வழிதான். 1980-கள்ல காந்த பிரேக் பரவுச்சு. அலுமினிய உருளையைக் காந்தம் இழுக்காது, ஆனா பக்கத்துல சுத்தினா வேகத்தைக் குறைக்கும். பழைய கரண்டு மீட்டர்ல அலுமினியத் தட்டு காந்தத்துக்கு நடுவுல நிதானமா சுத்தும் பாருங்க, அதே வித்தை. 2000-க்கு அப்புறம் கம்ப்யூட்டர் சிப் வச்ச பிரேக்கே வந்துருச்சு. பேட்டரி கிடையாது, உருளை சுத்துறதுலயே கரண்டு எடுத்துக்குது.

இருநூறு வருசமா ஓட வைக்கிறதுக்குப் பட்ட பாட்டைவிட, நிறுத்துறதுக்குப் பட்ட பாடுதான் அதிகம். கடையில போய் நின்னா நாம கேக்குறதோ, எவ்வளவு ஸ்பீடு, எத்தனை பேரிங்னுதான்.

அதனால வாங்கப் போறவங்களுக்கு என் கணக்கு இது. முதல்ல பிரேக்கைப் பாருங்க. புதுசா பழகுறவங்களுக்கு வெளியிலயே திருகி கூட்டிக் குறைக்கிற காந்த பிரேக் சுலபம். அப்புறம் உங்க தூண்டில் எடை. பத்து கிராமுக்கு மேல இருந்தா பழகுறது எளிது, லேசான தூண்டிலுக்கு சாதாரண பேய்ட்காஸ்டிங் ரீல் தொல்லைதான். 6.3:1 மாதிரி நம்பர் போட்டிருக்கும், கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை எத்தனை சுத்துன்னு அர்த்தம். அஞ்சு சொச்சம் மெதுவு, ஆறு சொச்சம் நடுத்தரம், ஏழுக்கு மேல வேகம். முதல் ரீலுக்கு நடுத்தரம் போதும். கைப்பிடி எந்தப் பக்கம்னு பார்த்து வாங்குங்க, அப்புறம் மாத்த முடியாது. பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. உதிரி சாமான் கிடைக்குமான்னு கேளுங்க.

வாங்கினதும் உருளை பக்கத்துல இருக்கிற சின்னத் திருகை இறுக்கி, ராடை நீட்டி, பொத்தானை அமுக்குங்க. தவளை மெதுவா இறங்கி தரையைத் தொட்டதும் உருளை நிக்கணும். நிக்கலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கணும். கடைசி பிரேக் எப்பவும் உங்க பெருவிரல்தான், சிப் வச்ச ரீலா இருந்தாலும்.

அண்ணன் ரீலைக் கழட்டினப்ப எண்ணெய் மஞ்சளா பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு. மண்ணெண்ணெய்ல ஊறவச்சு பழைய பிரஷ்ஷால தேய்ச்சேன். பிரேக் கட்டை ரெண்டையும் ஈரமில்லாம துடைச்சு மாட்டினேன். பேரிங்குக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

கிளம்புற அன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் கரைக்குப் போனோம். அவன் புது ரீல்ல பிரேக்கைக் கூட்டி வச்சு, ஓங்காம வீசிப் பழகினான். அப்புறம் அவன் அப்பா ரீலைக் கையில கொடுத்தேன். "பெருவிரலை எடுக்காதடா, தவளை தண்ணியைத் தொடுறப்ப லேசா அமுக்கு"ன்னேன். பத்துப் பதினஞ்சு தடவை வீசினான். அல்லி ஓரமா போய் அழகா விழுந்துச்சு. மீன் மாட்டல, சிக்கும் விழல.

பஸ் ஏறுறப்ப, "இதை நான் எடுத்துட்டுப் போகவா சித்தப்பா"ன்னு கேட்டான். உனக்குத்தான்டா, பத்திரமா வச்சுக்கன்னு சொன்னேன்.