திரையைத் துடைத்தால் எல்லாம் போய்விடுமா?

பி.காம். படிக்கிறவனுக்குக் கறுப்புத் திரையில் என்ன வேலை என்கிறீர்களா? தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். டெர்மினலை நான் பழகியதும் அதில்தான்.

திரை நிரம்பினால் 'கிளியர்' என்று அடிப்பேன். பளிச்! சரி, இது எங்கிருந்து வந்தது?

முதலில் திரையே கிடையாது. 1969-ல் யூனிக்ஸ் பிறந்தபோது டெலிடைப் இயந்திரங்கள்தான். பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின் மாதிரி காகிதச் சுருளில் அச்சடிக்கும். அச்சானதை எப்படி அழிப்பது? அடுத்த தாளுக்குத்தான் போகலாம். அதற்கென்றே ஆஸ்கி குறியீட்டில் 12-ஆம் எண் இருக்கிறது, பெயர் 'ஃபார்ம் ஃபீட்'. ஆங்கிலத்தின் 12-ஆவது எழுத்து 'எல்'. ஆகவே கன்ட்ரோல்+எல் அழுத்தினால் அந்தக் குறி போகும். இன்று லினக்ஸில் திரையைத் துடைப்பதும் அதே சாவிதான்!

பிறகு திரைகள் வந்தன. துடைப்பதற்குக் கம்பெனிக்கு ஒரு குறி. பெர்க்லியில் பில் ஜாய், எந்த டெர்மினலுக்கு எந்தக் குறி என்று 'டெர்ம்கேப்' என்ற பட்டியல் போட்டார். கிளியர் கட்டளை அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 1978-ல் டெக் நிறுவனத்தின் விடி100 வந்தது. 24 வரி, 80 எழுத்து. அதன் குறிகளைத்தான் இன்றைய டெர்மினல்களும் பின்பற்றுகின்றன.

இப்போது என் சோகக் கதை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போயிருந்தேன். சம்பளப் பட்டியல் இருந்த ஜிப் கோப்பைத் திறக்க, பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்தே அடித்தேன். வேலை முடிந்ததும் 'கிளியர்' போட்டுவிட்டு எழுந்தேன். அடுத்த ஷிஃப்ட் அண்ணன் மேல் அம்புக்குறியைத் தட்டினார். "தம்பி, இது என்ன பாஸ்வேர்டா?" என்றார். எத்தனை பேருடைய சம்பளம்! எனக்கு வியர்த்துவிட்டது.

கிளியர் துடைப்பது திரையை மட்டுமே. அடித்த கட்டளைகளை ஷெல் தனியாக 'ஹிஸ்டரி'யில் எழுதி வைக்கிறது.

எங்கள் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: பேரேட்டில் தப்பாக எழுதியதை ரப்பர் போட்டு அழிக்காதே, திருத்தப் பதிவு போடு என்று. பக்கத்தைப் புரட்டினால் பழைய பக்கம் காணாமல் போவதில்லை. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான் நண்பர்களே!