வீட்டுக்குள் வந்த அலுவலகமும் ஊழியரின் தனியுரிமையும்

அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு காலத்தில் தெளிவான எல்லை இருந்தது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டால் பணி தொடங்கும். மாலையில் வாயிலைக் கடந்தால் முடியும். முக்கியக் கோப்புகள் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கும். கண்காணிப்பாளர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், தம் கண்ணெதிரே இருப்பவர்களை மட்டுமே அவரால் கண்காணிக்க முடிந்தது.

2020 மார்ச் மாதம் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டபோது இந்த எல்லை சில நாள்களில் மறைந்தது. அதற்கு முன்பு, அழைப்பு மையம் போன்ற சேவை நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதிக்க வேண்டுமெனில், பாதுகாப்பு வைப்புத்தொகை உள்ளிட்ட பல நிபந்தனைகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை விதித்திருந்தது. அவை முதலில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டு, 2020 நவம்பரில் வெளியான புதிய வழிகாட்டு நெறிகளில் பெருமளவு நீக்கப்பட்டன. கரோனா விலகிய பிறகும், வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் கலப்பு முறை பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது.

இந்த மாற்றம் நிறுவனங்களின் மனதில் இரண்டு அச்சங்களை ஒருசேர விதைத்தது. "ஊழியர் உண்மையிலேயே வேலை செய்கிறாரா?" என்பது ஒன்று. "வாடிக்கையாளரின் தரவுகள் அவர் வீட்டில் பாதுகாப்பாக உள்ளனவா?" என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஆனால், இரண்டுக்கும் ஒரே விடையாகக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவனங்கள் கையிலெடுத்ததுதான் இன்றைய சிக்கலின் தொடக்கம். ஊழியரைக் கண்காணிப்பதும் தரவைப் பாதுகாப்பதும் ஒன்றல்ல.

முதல் அச்சம் பொருளியலுக்குப் புதிதல்ல. வேலை அளிப்பவருக்கும் செய்பவருக்கும் இடையே தகவல் சமமாக இருப்பதில்லை. தான் எவ்வளவு முயற்சி எடுக்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியும், அளிப்பவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பது குறித்து அரை நூற்றாண்டாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. ஒப்பந்தக் கோட்பாட்டில் ஆற்றிய பங்களிப்புக்காக ஆலிவர் ஹார்ட், பெங்ட் ஹோம்ஸ்ட்ராம் ஆகியோருக்கு 2016-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீட்டில் இருப்பவர் வேலையைத் தட்டிக்கழிப்பார் என்ற ஐயத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றனவா? சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், நிகோலஸ் புளூம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-11-இல் ஒன்பது மாதங்கள் சோதனை நடத்தினர். விருப்பம் தெரிவித்த ஊழியர்களில் ஒரு பகுதியினர் மட்டும் குலுக்கல் அடிப்படையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையைவிட்டு விலகுவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதே நிறுவனத்தில் 1,612 பேரிடம் பின்னர் நடத்தப்பட்ட கலப்பு முறைச் சோதனையின் முடிவுகள் 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயின. பணித்திறனில் பாதிப்பு இல்லை; விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபக்கமும் உண்டு. இந்தியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பொது முடக்கக் காலத் தரவுகளை கிப்ஸ், மெங்கெல், சீம்ராத் ஆகிய மூவர் ஆராய்ந்தனர். பணி நேரம் கூடியது. ஆனால், வெளியீடு சற்றே குறைந்தது. ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது. ஊழியர்கள் சோம்பியிருந்ததைவிட, கூட்டங்களும் ஒருங்கிணைப்பு வேலைகளும் பெருகி, இடையூறின்றி வேலை செய்யும் நேரம் குறைந்ததையே அந்த ஆய்வு முக்கியமாகச் சுட்டுகிறது. நாற்காலியில் இருக்கிறாரா என்று நிமிடந்தோறும் சரிபார்ப்பதால் தீரும் குறை அல்ல இது.

ஆனால், சந்தையில் விற்கப்படும் கண்காணிப்பு மென்பொருள்கள் அதைத்தான் செய்கின்றன. விசைப்பலகையில் எத்தனை முறை தட்டினார், சுட்டி எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது, எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார் என்பதையெல்லாம் பதிவு செய்கின்றன. குறிப்பிட்ட இடைவெளியில் கணினித் திரையைப் படம்பிடித்து மேலாளருக்கு அனுப்புகின்றன. சில மென்பொருள்கள் கேமராவையே இயக்குகின்றன.

பல கடமைகள் உள்ள ஒரு வேலையில் எளிதில் அளக்கக்கூடியதை மட்டும் அளந்து வெகுமதி அளித்தால், அளக்க முடியாத கடமைகள் புறக்கணிக்கப்படும் என்று ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்கிரோமும் 1991-லேயே விளக்கினர். விசைத் தட்டல்களை அளந்தால் விசைத் தட்டல்கள்தான் கிடைக்கும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவது போன்ற போலித் தோற்றத்தை உருவாக்கியதாகப் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது. அந்த ஊழியர்கள் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால், அசைவையே உழைப்பாகக் கணக்கிடும் முறைதான் அத்தகைய தந்திரத்துக்கு இடமளிக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, அந்த மென்பொருள்கள் வீட்டுக்குள் எதையெல்லாம் சேகரிக்கின்றன என்பது. அலுவலகக் கேமராவில் ஊழியர் மட்டுமே தெரிவார். வீட்டுக் கேமராவில் பாடம் படிக்கும் குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர், பூஜை அறை எல்லாம் தெரியும். திரைப் படத்தில் மருத்துவ அறிக்கையும் வங்கிக் கணக்கு விவரமும் சிக்கக்கூடும். குடும்பத்தினர் யாரும் அந்த நிறுவனத்துடன் எந்த ஒப்பந்தமும் செய்துகொண்டவர்கள் அல்லர்.

இரண்டாவது அச்சத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் தரவைப் பற்றிய நிறுவனங்களின் கவலை முற்றிலும் நியாயமானது. வங்கிக் கணக்கு, காப்பீடு, மருத்துவம் எனப் பிறரின் அந்தரங்கம் இன்று ஊழியர்களின் மடிக்கணினி வழியாகப் பயணிக்கிறது. அந்தத் தரவு எப்படிக் களவு போகிறது என்பதற்கு, கடவுச்சொற்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-இல் நேர்ந்தது நல்ல பாடம்.

அந்நிறுவனத்தில் முக்கியத் தரவுகளின் மறையாக்கத் திறவுகோல்களை அணுகும் உரிமை நான்கு பொறியாளர்களுக்கு மட்டுமே இருந்தது. அவர்களுள் ஒருவரின் வீட்டுக் கணினியைத் தாக்குபவர்கள் குறிவைத்தனர். திரைப்படம், இசை போன்றவற்றுக்காக அக்கணினியில் இருந்த ஒரு மென்பொருளின் குறைபாடு வழியாக நுழைந்து, தட்டப்படும் விசைகளைப் பதிவு செய்யும் நிரலை நிறுவினர். அதன் மூலம் அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைக் கைப்பற்றினர். அந்தக் குறைபாட்டுக்கான திருத்தம் 2020-லேயே வெளியாகியிருந்தது. அந்தக் கணினியில் அது நிறுவப்படவில்லை.

அந்தப் பொறியாளர் சோம்பேறியும் அல்லர், துரோகியும் அல்லர். அவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தார் என்று கண்காணித்திருந்தால் இந்தக் களவு தடுக்கப்பட்டிருக்காது. நிறுவனமே வழங்கிப் பராமரிக்கும் கணினி, உரிய நேரத்தில் நிறுவப்படும் திருத்தங்கள், கடவுச்சொல்லுடன் இரண்டாவது அடையாளச் சரிபார்ப்பு, பணிக்குத் தேவையான தரவை மட்டும் அணுக அனுமதி ஆகியவைதான் இத்தகைய களவைத் தடுக்கும் அரண்கள். இவற்றுக்கு ஊழியரின் முகத்தைப் படம்பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

மேலும், கண்காணிப்பு மென்பொருள் சேகரிக்கும் திரைப் படங்களிலும் விசைப் பதிவுகளிலும் ஊழியரின் விவரங்கள் மட்டுமன்றி, அவர் கையாளும் வாடிக்கையாளரின் விவரங்களும் இடம்பெறுகின்றன. பாதுகாப்புக்காக என்று சொல்லி உருவாக்கப்படும் அந்தக் களஞ்சியமே களவாடத் தகுந்த புதிய இலக்காகிவிடுகிறது. மறுபுறம், ஊழியரின் சொந்த மடிக்கணினியையும் வாட்ஸ்ஆப் குழுவையும் நம்பி இயங்கும் சிறு நிறுவனங்களில் கண்காணிப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அங்கு தேவைப்படுவது எளிய, மலிவான பாதுகாப்பு நடைமுறைகள்.

ஐரோப்பிய நாடுகள் இந்த வேறுபாட்டைச் சட்டத்தின் வழியே உணர்த்தி வருகின்றன. பணி நேரம் முழுவதும் கேமராவை இயக்கி வைக்க மறுத்ததற்காக நெதர்லாந்தில் ஓர் ஊழியரை அமெரிக்க நிறுவனம் ஒன்று பணிநீக்கம் செய்தது. அது செல்லாது என்று 2022-இல் டச்சு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுட்டியும் விசைப்பலகையும் 3 முதல் 15 நிமிடங்கள் அசையாமல் இருந்தால் அதைப் பணியின்மையாகக் கணக்கிட்டு, திரையையும் அவ்வப்போது படம்பிடித்த ஒரு நிறுவனத்துக்கு பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் விதித்தது. தொலைநிலைப் பணியாளரின் தனியுரிமையைப் பாதிக்கும் வகையில் படத்தையோ ஒலியையோ பதிவு செய்வதைப் போர்ச்சுகலின் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது.

இந்தியாவின் நிலை என்ன? தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று கே.எஸ். புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. தனியார் நிறுவனத்துக்கு எதிராக ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டுமெனில் அதை நாடாளுமன்றம் இயற்றும் சட்டம்தான் தர வேண்டும். அந்த எதிர்பார்ப்புடன் வந்தது எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வர உள்ளன.

இந்தச் சட்டம் வாடிக்கையாளருக்குத் தரும் பாதுகாப்பு கணிசமானது. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஒப்புதல் இன்றித் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. ஆனால், 7-ஆவது பிரிவு சில விலக்குகளை அளிக்கிறது. பணியமர்த்தல் சார்ந்த நோக்கங்களுக்காகவும், இழப்பு அல்லது பொறுப்பிலிருந்து வேலை அளிப்பவரைக் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தலாம் என்பது அவற்றுள் ஒன்று.

ஒப்புதல் தேவையில்லை என்பதோடு இது முடிவதில்லை. எந்தத் தரவு எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்ற அறிவிப்பைத் தர வேண்டிய கடமை, ஒப்புதல் கோரும்போதுதான் எழுகிறது. சேகரித்த தரவைக் கேட்டுப் பெறும் உரிமையும், திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையும் ஒப்புதல் அளித்தவருக்கே உரியவை. ஆக, ஒப்புதல் கேட்கப்படாத ஊழியருக்கு, தம்மைப் பற்றி நிறுவனம் என்ன சேகரித்து வைத்திருக்கிறது என்று கேட்டறியும் உரிமையும் இச்சட்டத்தின்கீழ் கிடைப்பதில்லை.

இழப்பீடும் அப்படித்தான். அலட்சியத்தால் தரவு கசிந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு வழிவகுத்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. விதிக்கப்படும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும்; பாதிக்கப்பட்டவருக்கு அல்ல.

இந்த விலக்கே கூடாது என்பது என் வாதமல்ல. ஊதியப் பட்டியல் தயாரிக்கவும் வருங்கால வைப்பு நிதி செலுத்தவும் ஒவ்வொரு முறையும் ஊழியரின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வணிக ரகசியம் களவு போவதாக ஐயம் எழுந்தால் விசாரிக்கும் உரிமையும் நிறுவனத்துக்கு வேண்டும். சொல்லப்போனால், வேலையை இழக்க அஞ்சும் ஒருவரிடம் பெறப்படும் ஒப்புதலுக்குப் பெரிய மதிப்பும் இல்லை. எனவே, ஒப்புதலைக் கட்டாயமாக்குவதைவிட, நோக்கத்துக்கு ஏற்ற அளவு என்ற வரம்பை விதிப்பதே பயன் தரும்.

அந்த வரம்புக்கு நான்கு கூறுகள் போதும். முதலாவதாக, பணியிடக் கண்காணிப்பு எதுவாயினும் என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, வீட்டில் கேமராவையும் ஒலிவாங்கியையும் கூட்டங்களுக்கு வெளியே இயக்குவது தடை செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, தம்மைப் பற்றிய பதிவுகளைக் காணும் உரிமை ஊழியருக்கு வேண்டும். குறிப்பாக, அந்தப் பதிவுகளின் அடிப்படையில் பணிநீக்கமோ ஊதியக் குறைப்போ செய்யப்படும்போது அது மறுக்கப்படக் கூடாது. நான்காவதாக, பாதுகாப்புக்காகச் சேகரித்த தரவைப் பணித்திறன் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் செயல்படுத்த எந்த நிறுவனமும் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு 2027 மே மாதத்துக்குள் அரசு தெளிவான நெறிமுறைகளை வகுக்க வேண்டும். ஐரோப்பிய வாடிக்கையாளரின் தரவுக்கு ஒப்பந்தத்தின் பேரில் அந்நாட்டுச் சட்டத்தின் தரத்தில் பாதுகாப்பளிக்கும் சென்னை நிறுவனம், அந்தத் தரவைக் கையாளும் தன் ஊழியருக்கு அதில் ஒரு பங்கையேனும் அளிக்கத் தயங்குவதில் நியாயமில்லை.

ஊதியம் கொடுத்து நிறுவனம் பெறுவது ஊழியரின் உழைப்பை. அவருடைய வீட்டை அல்ல. அலமாரியைப் பூட்டி வைப்பது பொறுப்புணர்வு. அந்தச் சாவியை வைத்திருப்பவரின் வீட்டுச் சாளரத்தில் நின்று எட்டிப் பார்ப்பது பொறுப்புணர்வாகாது. இந்த வேறுபாட்டை உணர்ந்து நடக்கும் நிறுவனத்தில்தான் தரவும் பாதுகாப்பாக இருக்கும். தகுதியான ஊழியரும் நிலைத்திருப்பார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).