மறு

சித்திரைப் பௌர்ணமியன்று கூடலூர்க்காரர்கள் பளியன்குடி வழியாகக் கண்ணகி கோயிலுக்கு மலையேறுவார்கள். அன்றைய முழுநிலவில் தெரியும் கறைக்குப் பழைய பெயர் மறு. 957ஆம் குறளில் வருவதும் இதுவே. உடம்பில் இருந்தால் இன்று மச்சம் என்கிறோம். (பேச்சில் வரும் 'மரு' பாலுண்ணி, அது வேறு.) மறு எல்லாம் பிறவியிலேயே வருவதல்ல. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பரம்பரைத் தோல்நோயில் லேசாக உரசினாலே கொப்புளம் எழும். அது ஆறிய இடத்தில் சில குழந்தைகளுக்குப் புதிதாக மறு தோன்றும்: பெரிதாக, ஓரம் கோணலாக, ஒன்றிலேயே கருப்பும் பழுப்புமாக. பார்வைக்கு மெலனோமா புற்றுநோய் போலவே இருக்கும். பெரும்பாலும் அது இல்லை. ஆனாலும் மச்ச சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் அவ்வப்போது காட்டிவிடுங்கள்.