வோகோடர்: போர் ரகசியத்திலிருந்து பாட்டுக்கு

ரோபோ பாடுற மாதிரி குரல் கேட்டிருப்பீங்க இல்லையா? அந்த வோகோடர் தொலைபேசிக்காகப் பிறந்தது. 1928-ல் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி தொடங்கிய வேலை. குரலைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பலத்தை மட்டும் அளந்து அனுப்பினால், மறுமுனையில் பேச்சைத் திரும்ப உருவாக்கலாம். கம்பியில் இடம் மிச்சம்!

1943-ல் வாஷிங்டனும் லண்டனும் போர் ரகசியம் பேசிய சிக்சாலி கருவிக்குள்ளும் இதுதான் இருந்தது. சொல் புரியும், ஆனா பேசுறது யாருன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

ராணுவத்துக்கு அது தொல்லை. இசைக்கலைஞர்களுக்கோ அதுதான் வரம். அளந்த பலத்தை சிந்தசைசர் ஒலிமேல ஏத்தினா வாத்தியமே பேசும். 1971-ல் வந்த 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்காக, ரேச்சல் எல்கைண்டின் குரலை வைத்து வெண்டி கார்லோஸ் பீத்தோவன் இசையைப் பாட வைத்தார். 1974-ல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 'ஆட்டோபான்' ஆல்பத்தில் அதைக் கையில் எடுத்தார்கள். பேசியவரை மறைச்ச அதே குரல், இப்போ ஒரு இசைக்குழுவுக்கே அடையாளம் ஆயிடுச்சு.