இருதய வாயிலைச் செப்பனிட்ட வரலாறு

மனித இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் இடது கீழறையிலிருந்து குருதி பெருநாடியினுள்ளே பாய்கின்றது. பாய்ந்த குருதி மீண்டு வாராதபடி காத்து நிற்பது பெருநாடி வால்வு. பிறை வடிவான மூன்று மெல்லிதழ்கள் சேர்ந்தமைந்த கதவு அது. அம்மூன்றுள் இரண்டு ஒட்டிப்போய், ஈரிதழ்க் கதவுடன் பிறப்போரும் உளர். நூறு பேரில் ஒருவரோ இருவரோ அத்தகையோர் என வைத்தியர் கணித்துள்ளனர். அவருட் பலர் நெடுங்காலம் யாதொரு துன்பமுமின்றி வாழ்வர். சிலருக்கோ வாயில் ஒடுங்கிவிடும். வேறு சிலருக்குக் கதவு சரிவர மூடாது குருதி பின்னோக்கி ஒழுகும். மிக ஒடுங்கிய வாயிலோடு பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெறாவிடின், சில நாட்களுள் உயிர் துறத்தலும் உண்டு.

இக்குறையை மனிதன் கண்ட காலம் பழையது. திருத்தக் கற்ற காலமோ அண்மையது. 1513 ஆம் ஆண்டளவில் இத்தாலிய ஓவியர் லியொனாடோ டா வின்சி பெருநாடி வால்வின் இதழ்களை நுணுகி ஆராய்ந்து வரைந்தார். குருதியின் சுழிப்பே அவ்விதழ்களை மூடச் செய்கின்றது என்று அன்றே அவர் உய்த்துணர்ந்தார். 1886 இல் கனடா நாட்டு வைத்திய அறிஞர் வில்லியம் ஒஸ்லர், ஈரிதழ் வால்வு கிருமித் தாக்கத்துக்கு எளிதில் இலக்காவதை எடுத்துக்காட்டினார். ஆயினும், துடிக்கும் இருதயத்தைத் திறப்பது எவ்வாறு?

1912 இல் பாரிஸ் நகரில் தியோடோர் துஃபியே என்னும் சத்திர வைத்தியர், ஒடுங்கிய வால்வுடைய இளைஞர் ஒருவரின் பெருநாடிச் சுவரை வெளியிலிருந்து விரலால் உள்ளே அழுத்தி, அவ்வாயிலை விரிக்க முயன்றார். நோயாளர் உயிர் பிழைத்தார். எனினும் அது கண்காணாது கைதடவிச் செய்த வேலையே.

கண்ணாற் கண்டு செய்யும் காலம் 1953 இல் பிறந்தது. அமெரிக்க வைத்தியர் ஜோன் கிபன், இருதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு, இருதயத்தைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து வெற்றி கண்டார். இதன்பின் ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடுதல் இயல்வதாயிற்று. ஆனால் அங்கே புதியதோர் இடர் எழுந்தது. கத்தி சற்றே மிகுந்து சென்றால், இதழ் தன்னைத் தாங்கும் பிடிப்பை இழந்து தொய்ந்துவிடும். ஒடுக்கம் நீங்கி ஒழுக்கு வந்து சேரும்.

பழுதான கதவைக் களைந்து புதியதை வைப்பதே நன்றென்னும் எண்ணம் அதனாலே வலுப்பெற்றது. 1960 இல் அமெரிக்காவில் டுவைட் ஹாக்கன், கூட்டினுள் உருளும் பந்து போன்ற செயற்கை வால்வைப் பெருநாடி வாயிலிற் பொருத்தினார். இவ்வழியால் வாழ்வு பெற்ற வளர்ந்தோர் எண்ணிறந்தோர். ஆனாற் குழந்தைக்கு அது முழு விடையாகவில்லை. குழந்தை வளரும்; உலோக வால்வு வளராது. மேலும், அதன்மீது குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டும். விலங்கின் இழையத்தால் ஆன வால்வோ இளையோர் உடலில் விரைவிற் பழுதடைகின்றது.

1967 இல் இலண்டனில் டொனால்ட் ரொஸ் வேறொரு வழி கண்டார். நோயாளரின் நுரையீரல் நாடி வால்வையே எடுத்துப் பெருநாடி வாயிலில் வைத்து, அது இருந்த இடத்தில் இறந்தவர் ஒருவர் ஈந்த வால்வைப் பொருத்தினார். இடம் மாறிய வால்வு உயிருள்ளதாதலின் குழந்தையுடன் வளர வல்லது. ஆயின், ஒரு வால்வின் நோய்க்காக இரண்டு வால்வுகளிற் கைவைக்க நேர்கின்றது. 1980களில், மெல்லிய குழாயினூடாகப் பலூனைச் செலுத்தி, மார்பைத் திறவாமலே ஒடுங்கிய வாயிலை விரிக்கும் முறையும் குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

இவ்வளவுக்கும் பின்னர், இருப்பதையே செப்பனிடும் கலை புதுவலிமை பெற்றது. தொய்ந்த இதழைத் தையலாற் சுருக்குவர். குறைந்த இடத்தை இருதயத்தைச் சூழ்ந்த உறையின் துண்டால் நிரப்புவர். விரிந்த அடிவளையத்தை இறுக்குவர். ஜேர்மனியின் ஹொம்பேர்க் நகரில் ஹான்ஸ் யோக்கிம் ஷேஃபர்ஸ் என்பார், மூடிய இதழ் அடியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கின்றது என்பதை அளக்கும் கருவியொன்றை 2006 இல் அறிமுகஞ் செய்தார். கைப்பழக்கத்தை மட்டுமே நம்பியிருந்த வேலைக்கு அளவுகோல் ஒன்று கிடைத்தது.

செப்பனிட்ட வால்வு என்றென்றும் நிலைக்கும் எனக் கூறுதல் பொருந்தாது. சிலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். எனினும், இடையிலே பெறும் ஆண்டுகள் விலைமதிப்பற்றவை. அவ்வாண்டுகளிலேதான் ஒரு குழந்தை ஓடி விளையாடுகின்றது, பள்ளி செல்கின்றது, வளர்ந்தவருக்குரிய வால்வைத் தாங்கும் அளவுக்கு உடல் முதிர்கின்றது. பழுதுற்றதனைத்தையும் எறிந்துவிடுதல் எளிது. அதனுள் இன்னும் நன்றாயிருப்பது எது என்று தேடிக் காத்தலே அரிது என்பதை, இருதயத்தின் இச்சிறு கதவை நாடிய வைத்தியரின் நீண்ட முயற்சி நமக்கு உணர்த்துகின்றது.