சுட்டிச் சைகையும் அதன் பொருளும்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைக்க முனைந்தபோது எதிர்கொண்ட முதற் சிக்கல் இடப்பற்றாக்குறையாகும். 247 எழுத்துக்களையும் ஒரு சில விசைகளுள் அடக்குதல் வேண்டும். சில குறிகளை அச்சிடும்போது தாள் நகராதிருக்க அவர் வகுத்த ‘நகரா விசை’ இச்சிக்கலுக்குக் கண்ட சிறந்த தீர்வு எனலாம். ஆயினும் ஜேர்மனியில் உலோகத்தில் வார்க்கப்பட்ட பின்னர் ஒரு விசைக்கு ஒரு பொருளே உண்டு. எவ்விசை எதனைக் குறிக்கும் என்பதை அமைத்தவரே முடிவு செய்தார்; தட்டச்சாளர் தம் விரல்களை அதற்கேற்பப் பழக்கிக்கொண்டனர்.

கணனிச் சுட்டியின் வரலாறு இதற்கு மாறானது. டக்ளஸ் எங்கெல்பார்ட் குழுவினர் 1964 இல் மரப்பெட்டியாக உருவாக்கி, 1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவையறியக் காட்டிய அக்கருவியில் எழுத்தெதுவும் பொறிக்கப்படவில்லை. அது வரையும் கோட்டுக்கு இயல்பாக ஒரு பொருளில்லை. எவரேனும் அளித்தாலன்றிப் பொருள் தோன்றாது. கோட்டுக்குப் பொருளளிக்கும் உரிமை யாருடையது என்பதே ஈண்டு எழும் வினா. டீன் ரூபைன் 1991 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஒரு சைகையை ஏறத்தாழப் பதினைந்து முறை வரைந்து காட்டினால், கணனி அதனைப் பின்னர் தானே இனங்கண்டுகொள்ளும் என அவர் நிறுவினார்.

2001 இல் ஒபேரா உலாவி சுட்டிச் சைகைகளைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. வலப் பொத்தானை அழுத்தியவாறு சுட்டியை இடப்புறம் இழுத்தால் முந்திய பக்கம் தோன்றும். ஆனால் அதே இடக்கோடு கடிதம் எழுதும் செய்நிரலில் எதனைக் குறிப்பது? அங்கு ‘முந்திய பக்கம்’ என்பதற்கு இடமில்லை. ‘செய்ததை நீக்கு’ என்பதே பொருந்தும். ஆகவே பின்வந்த சைகை மென்பொருள்கள் முன்னே திறந்திருக்கும் சாளரம் எச்செய்நிரலுக்குரியது என்பதை முதலில் நோக்கின. அச்செய்நிரலுக்கெனத் தனிப்பட்டியல் இருப்பின் அதன்படியும், இல்லையேல் பொதுப்பட்டியலின்படியும் கட்டளை நிறைவேறும். வலப் பொத்தானைத் தன் தேவைக்கே பயன்படுத்தும் வரைபடச் செய்நிரல்களையும் விளையாட்டுக்களையும் விலக்குப்பட்டியலில் இடாவிடின் பெருங்குழப்பமே விளையும். புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் மறப்பது இதனையே. மும்மொழியிலும் கடிதம் எழுத வேண்டிய ஓர் இரத்மலானை அலுவலகத்தில், கீழ்நோக்கிய கோடொன்று கடிதச் செய்நிரலில் தமிழ் விசைப்பலகைக்கு மாற்றுவதாகவும், கணக்குத்தாளில் கூட்டுத்தொகை இடுவதாகவும் அமையலாம். முத்தையாவின் பொறியில் இதற்கு வழியில்லை.

ஆனால் இவ்வுரிமை நிலையானதன்று. 2013 இல் ஒபேரா தன் அடித்தளத்தையே மாற்றியபோது, பயனர் தாமே சைகைகளை வகுக்கும் வசதி அற்றுப்போயிற்று. 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57 ஆம் பதிப்பு வெளிவந்ததும் பழைய சைகை நீட்சிகள் செயலிழந்தன. அவற்றின் இடத்தில் வந்த புதியன உலாவியின் உட்பக்கங்களில் இயங்குவதில்லை. பல்லாண்டுகள் பயனர் கையிற் பழகிய கோடுகள் ஒரே நாளிற் பொருளிழந்தன. உலோகத்தில் வார்த்த தட்டச்சுப் பொறியின் வழிவந்த விசையமைப்புக்களோ இன்றும் தமிழ் மென்பொருள்களில் ஒரு தெரிவாகக் கிடைக்கின்றன.