கணவாயின் கிழக்கு வாயில்: தென்காசியும் குற்றாலமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவர் தாழ்ந்து வழிவிடும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். அதற்கு வெகு தெற்கே, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்தை நோக்கிச் செல்வது செங்கோட்டைக் கணவாய். இதன் கிழக்கு வாயிலில், சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊர் தென்காசி. இவ்வூரின் மழைக்கும் அரசியலுக்கும் வணிகத்துக்கும் காரணம் தேடிச் செல்பவர் பெரும்பாலும் அந்த மலையிடைவெளியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால், கிழக்கே உள்ள தமிழகத்தின் பெரும்பகுதி ஆனி, ஆடி மாதங்களில் வறண்டு கிடக்கிறது. தென்காசி வட்டாரத்துக்கு மட்டும் கணவாய் வழியே நுழையும் ஈரக்காற்று, வெயிலோடு கலந்து வரும் நுண்தூறலைக் கொண்டுவருகிறது. இதையே இப்பகுதி மக்கள் சாரல் என்கின்றனர். கிழக்கே சற்றுத் தொலைவு சென்றாலே சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமி தொடங்கிவிடுகிறது என்பதைக் கொண்டு இச்சாரலின் எல்லை எவ்வளவு குறுகியது என அறியலாம். தென் பிரான்சில் இரு மலைத்தொகுதிகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில், ஓட் ஆற்றங்கரையில் எழுந்த கார்க்கசோன் கோட்டை நகரும் இவ்வாறே காற்றுக்கும் படைக்கும் வணிகருக்கும் பொதுவழியான இடத்தில் அமைந்ததாகும். ஆனால் அங்கே வழியைக் காத்தது மதில், இங்கே ஊரின் அடையாளமாக நின்றது கோயில்.

அக்கோயில் தோன்றிய சூழல் கவனிக்கத்தக்கது. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, அதன்பின் மதுரைச் சுல்தான்களின் ஆட்சி, பிறகு விசயநகரத்தாரின் வருகை என அடுத்தடுத்து நேர்ந்த மாற்றங்களால் பாண்டியர் மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கினர். முதுகுப்புறம் மலையும், மலைக்கு அப்பால் சேர நாட்டுக்குச் செல்லும் வழியும், முன்னே சிற்றாறு பாயும் வயல்களும் கொண்ட தென்காசி, அவ்வாறு ஒதுங்கியவர்களுக்கு ஏற்ற இருப்பிடமாயிற்று. பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். 1457இல் கோபுர வேலை தொடங்கிற்று. அது முடியுமுன் 1463இல் அவன் மறைய, எஞ்சிய பணியைத் தம்பி குலசேகர பாண்டியன் நிறைவேற்றினான். கோயிலில் பொறிக்கப்பட்ட பாடல்களில், இத்திருப்பணியைப் பிற்காலத்தில் பேணிக் காப்பவர்களின் அடி பணிவதாகப் பராக்கிரமன் கூறியிருப்பது வியப்புக்குரியது. வென்ற அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் காணக் கிடைக்காத தொனி இது. தன் மரபின் எதிர்காலத்தைப் பற்றி அவனுக்கு மயக்கம் இருந்திருக்காது போலும். அக்கோபுரம் பின்னாளில் சிதைந்து, நடுவே பிளந்த நிலையில் நெடுங்காலம் நின்றதால் மக்கள் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்து வந்தனர். இன்று காணப்படும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் எழுப்பி முடிக்கப்பட்டது.

பிற்காலப் பாண்டியரை மதுரைப் பாண்டியரின் மங்கிய நிழலாகக் கருதுவது வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. ஆட்சிப் பரப்பை மட்டும் அளந்தால் அது சரியே. ஆனால் 1564இல் முடிசூடிய அதிவீரராம பாண்டியன், மதுரை நாயக்கரின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த நிலையிலும், நைடதம், காசிகாண்டம், வெற்றிவேற்கை ஆகிய நூல்களை இயற்றினான். இவற்றுள் கடைசி நூல் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டது. அவனுடைய மேலாதிக்கர் எவருக்கும் இத்தகைய நீண்ட வாழ்வு வாய்க்கவில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடியில் உள்ள குற்றாலம், அரசு ஊராக அல்லாமல் தீர்த்த ஊராக வளர்ந்தது. சிற்றாறு இங்கே பேரருவியாக விழுகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர் நேரே தரையில் மோதாமல், பாறையின் இடையில் குடைந்த பொங்குமாகடல் என்னும் ஆழ்பள்ளத்தில் முதலில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பின்னர் பொங்கி வழிந்து இறங்குகிறது. மனிதர் அதன் கீழ் நின்று குளிக்க முடிவது இப்பள்ளத்தின் தயவால்தான்; வெள்ளம் மிகும் நாட்களில் பள்ளமும் தாங்காது என்பதால் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அருவிப் பாறையில் செதுக்கப்பட்ட சிவலிங்கங்கள், நீர் குறையும் காலத்தில் தெளிவாகத் தெரியும். அருகே சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் சம்பந்தரின் பாடல் பெற்றது. கூத்தனின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை, பெயருக்கேற்பச் சுவரோவியங்களோடு தனியே நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், தன் மலைவளத்தைக் குறத்தியே எடுத்துரைப்பதாக அமைத்துக் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதற்காக மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது.

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கண்ணுக்கு இதே மலைவளம் வேறுவிதமாகப் பட்டது. டச்சுக்காரரின் கையில் இருந்த சாதிக்காய், கிராம்பு வணிகத்தை உடைக்க விரும்பிய அவர்கள், சாரலின் ஈரத்தை நம்பிக் குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டங்களை அமைத்துப் பார்த்தனர். பெருவணிகமாக அது வளரவில்லை. எனினும் மலைத்தோட்டப் பழக்கம் நிலைத்தது. சாரல் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் குவியும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்கள் அம்மரபின் தொடர்ச்சியே.

கணவாயைப் புகைவண்டி 1904இல் கடந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்ற அந்த மீட்டர்கேஜ் பாதை, சென்னை மாகாணத்தையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் மலைக்குகைகள் வழியே இணைத்தது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகவே இருந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது தமிழகத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானபோது, செங்கோட்டை அதன் ஒரு வட்டமாயிற்று. பழைய எல்லை நின்ற பிரானூரில் இன்று எந்த எல்லையும் இல்லை. ஆயினும் அவ்விடத்தை மக்கள் இன்றும் பார்டர் என்கின்றனர், குற்றாலத்துக்குக் குளிக்க வருவோர் அங்கே பரோட்டா சாப்பிடாமல் திரும்புவதில்லை.